திருப்பி மாட்டிய படம்

மார்ச் 4, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. எக்ஸ்ரே உதவியாளர் மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் சொன்னார்: நோட்டின் நடுவே ஒரு கோடு போடுங்கள், இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது, இரண்டையும் கலக்காதீர்கள். ஐந்து மாதமாக வீட்டு விஷயங்களைக்கூட அப்படித்தான் எழுதி வருகிறேன். நேற்று, “டாக்டர் படத்தைத் தப்பாக மாட்டினார்” என்று இடப்பக்கத்தில் எழுதிவிட்டேன். நான் பார்த்தது அது இல்லை. விளக்குப் பெட்டியில் அவர் எக்ஸ்ரே படத்தை மாட்டியபோது, ஓரத்தில் வலது பக்கத்தைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். தப்பு என்பது நான் நினைத்தது. அடித்துவிட்டு வலப்பக்கம் மாற்றி எழுதினேன். எழுதிய பிறகும் நினைப்பு மாறவில்லை.

முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

தங்கச்சிக்குப் பதினாலு வயது. ஒல்லியாக, உயரமாக இருப்பதால் வீட்டில் அவள் பெயர் குச்சி. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று தெரிந்த அன்று, “பேரை மாத்துங்க, இனிமே நான் அருவா” என்றாள். யாரும் சிரிக்காததால் அவளே சிரித்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு முன் வளைவு நாற்பத்தெட்டு டிகிரி. இப்போது ஐம்பத்தாறு. வலது பக்க முதுகு சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அறுவை சிகிச்சை வேண்டும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. யார் கையில் அவளைக் கொடுப்பது என்பதில்தான் அத்தனை சந்தேகமும். நரம்புத் தண்டுக்குப் பக்கத்திலேயே திருகு ஏற்றுகிற வேலை. கை ஒரு நூல் தவறினால் அவள் எழுந்து நடக்கமாட்டாள்.

நேற்றுப் பார்த்தவர் முதுகெலும்புக்கு மட்டுமே வைத்தியம் பார்ப்பவர். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார். வெளியே வருவதற்குள் குச்சி அவருக்கு ஸ்கேல் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவளைக் குனியச் சொல்லி, பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மறுபடியும் குனியச் சொன்னார். காலைத் தட்டினார். பேனா மூடியால் வயிற்றில் லேசாகக் கோடு இழுத்து, தொப்புள் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று கவனித்தார். அப்புறம்தான் படத்தை மாட்டினார், அப்படித் திருப்பி. பென்சிலால் இரண்டு கோடு போட்டு ஐம்பத்தாறு என்றார்.

நான் ஏழு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். முக்கியமானது மூன்று. போன வருஷம் இந்த மாதிரி எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று கேட்டேன். முப்பத்தொன்று என்றார். அதில் எத்தனை பேர் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டியிருந்தது? இரண்டு. கால் விளங்காமல் போனது?

“இதுவரைக்கும் இல்ல. இனிமேலும் வராதுன்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்தாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டு வந்தோம்.

அப்பா டவுன் பஸ் டிரைவர். எந்த மெக்கானிக் எதைச் சொன்னாலும் அதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பார். உள்ளே வாயே திறக்காதவர் வெளியே வந்ததும், “அவன் வாயாலயே ரெண்டுன்னா, நீ அஞ்சுன்னு வச்சுக்கோ” என்றார். வீட்டுக்கு வந்து நான் எழுத்து திரும்பி இருந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. படத்தை மாட்டினால் எழுத்து நேராகப் படிக்க வரவேண்டும் என்பது எங்கள் வகுப்பில் முதல் வாரப் பாடம். நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

“அப்ப அவனுக்கு இடது வலது தெரியலையா?”

“தெரியலைன்னு சொல்லலப்பா. எழுத்து திரும்பியிருந்துச்சுன்னுதான் சொல்றேன்.”

“லெப்ட்டு எது ரைட்டு எதுன்னு தெரியாதவன் ஸ்டியரிங் பிடிச்சா நீ வண்டியில ஏறுவியா?”



மார்ச் 6, வியாழன்

நேற்று வகுப்பில் இடைவேளையின்போது ஆசிரியரிடம் கேட்டேன். பெயர், ஊர் எதுவும் சொல்லாமல், படத்தில் எழுத்து திரும்பித் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டேன். மாட்டினவருக்கு மாட்டத் தெரியவில்லை என்று அர்த்தம் என்றார். பின் பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது.

இன்று காலை நான் வேலை பார்க்கும் யூனிபார்ம் தையல் கூடத்தில் வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்கேல் டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். தேதி வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் யோசிக்கிறார்கள் என்றேன். அந்தப் பெண் இரண்டு தடவை, “நிச்சயமாத்தானே, எடுத்துரலாமா?” என்று கேட்டாள். எடுத்துவிடுங்கள் என்றேன். போனை வைத்த பிறகு, அவ்வளவு நல்லவிதமாக எதற்கு இரண்டு தடவை கேட்டாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஆள் பிடிக்கிறார்களோ?

மார்ச் 8, சனி

அப்பாவோடு வேலை பார்க்கும் கண்டக்டர் ஒரு டாக்டரைச் சொல்லியிருந்தார். கண்டக்டரின் முழங்காலை அவர்தான் சரிசெய்தாராம். இன்று நாலு பேரும் போனோம். மெத்தை நாற்காலி, மீன் தொட்டி, தண்ணீர் கேட்பதற்கு முன்பே தண்ணீர். டாக்டர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படத்தை மாட்டினார். எழுத்து நேராக இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சுவர் மாதிரி நேராக்கிவிடலாம் என்றார். பதினைந்து நாளில் பள்ளிக்கூடம் போகலாம் என்றார். அம்மாவிடம், உங்கள் மகள் என் மகள் மாதிரி என்றார். இருபதாம் தேதி என்று அவராகவே சொன்னார். என் ஏழு கேள்விகளையும் இவரிடமும் கேட்டேன். எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்றதற்கு, நிறைய. திரும்ப உள்ளே போனவர்கள், ரொம்பக் கம்மி. கால் விளங்காமல் போனது என்றதும் சிரித்து, அதையெல்லாம் நினைக்கவே கூடாது என்றார். ஆபரேஷன் நடக்கும்போது நரம்பைக் கவனிக்கத் தனியாக ஒரு ஆளை உட்கார வைப்பதாக ஸ்கேல் டாக்டர் சொல்லியிருந்தாரே என்றதற்கு, அதெல்லாம் பயமுறுத்துகிற வேலை என்றார். எல்லாவற்றையும் இடப்பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். எண் எதுவும் இல்லை என்பதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

வரும்போது அப்பா தங்கமான மனுஷன் என்றார். அம்மா அதையே மூன்று விதமாகச் சொன்னாள். குச்சி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி நடக்கும்போது என்னைப் பின்னுக்கு இழுத்தாள்.

“அந்த சிரிப்பு டாக்டர் என் முதுகைப் பார்க்கவே இல்லக்கா. திரும்பி நிக்கக்கூட சொல்லல.”

படத்தில் உள்ளே இருப்பது இன்னும் தெளிவாகத் தெரியும் என்று விளக்கம் சொன்னேன்.

“அப்ப படத்துக்கே ஆபரேஷன் பண்ணச் சொல்லு.”

மார்ச் 10, திங்கள்

இன்று வகுப்புக்குப் போகவில்லை. ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இது. குச்சி கட்டிலில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து எழுதினால் அவளுக்கு வலிக்கும். சனிக்கிழமை அவள் சொன்னது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை கம்பி வரும் என்று காட்டுகிறேன் என்று சொல்லி, படத்தை எடுத்து அவள் முதுகின் மேலேயே வைத்தேன். தலை மேலே, இடுப்பு கீழே, எழுத்து நேராக. படத்தில் வளைவு இடது பக்கம் போனது. அவள் முதுகில் புடைப்பு வலது பக்கம் இருந்தது.

வேறு யாருடைய படத்தையோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓரத்தில் அச்சாகியிருக்கும் பதிவு எண்ணை அவள் அட்டையோடு சரிபார்த்தேன். அவளுடையதுதான். பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, படத்தைத் திருப்பி வைத்தேன். முதுகின் வளைவும் படத்தின் வளைவும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன.

“ஜில்லுனு இருக்கு. என்னக்கா பண்ற?”

“சும்மா இரு. அசையாத.”

“இப்ப அந்த எழுத்து எப்படி இருக்கு?”

“திரும்பி இருக்கு.”

“ஸ்கேல் டாக்டர் மாட்டின மாதிரியா?”

படம் நழுவாமல் ஓரத்தை அழுத்திப் பிடித்தேன். அவள் தலையைத் திருப்பாமலே, “எங்க வெட்டப்போறாங்க, வயித்துலயா?” என்றாள்.

ஆறு வருஷமாகத் துணி வெட்டுகிறேன். ஒரே காகித அச்சைத் திருப்பிப் போட்டால் இடது முதுகு வலது முதுகாகும் என்பது நான் தூக்கத்திலும் சொல்லக்கூடிய விஷயம். பின்பக்கத்துத் துண்டை வெட்டும்போது, ஆள் எனக்கு முதுகு காட்டி நிற்பதாகத்தான் வைத்துக்கொள்வேன். முதுகில் வேலை செய்கிறவர் முதுகுப் பக்கமிருந்துதானே பார்ப்பார்? இதை ஏன் நான் யோசிக்கவில்லை? ஐந்து மாதம் படித்த ஒரு விதி கையில் கிடைத்ததும் அதை வைத்து ஒருவரை அளந்துவிட்டேன். ஆசிரியரிடமும் பாதிக் கேள்விதான் கேட்டேன். முதுகெலும்பு டாக்டர் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். போன வருஷம் அவளுடைய யூனிபார்மைப் போட்டுப் பார்த்தபோது வலது முதுகில் இறுக்கிப் பிடித்தது. உட்காரும் விதம் சரியில்லை என்று நினைத்து, அந்தப் பக்கம் முக்கால் அங்குலம் சேர்த்து வெட்டினேன். விளிம்பையும் சமமாக்கினேன். அவ்வளவு நன்றாக உட்கார்ந்தது, வளைவு பல மாதம் யார் கண்ணிலும் படவில்லை. டாக்டர்களை இவ்வளவு சந்தேகப்படுகிற நான் அன்றைக்கு என் கையைச் சந்தேகப்படவில்லை.

இதனால் ஸ்கேல் டாக்டர் நல்லவர் என்று ஆகிவிடாது. படத்தைச் சரியாக மாட்டினார் என்பது மட்டும்தான் ஆகிறது. அதுவும் நான் நினைப்பது. இன்னும் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மதிய இடைவேளையில் சிரிப்பு டாக்டரிடம் தனியாகப் போனேன். உடனே உள்ளே விட்டார்கள். முதுகைத் திறக்கும்போது நீங்கள் பின்பக்கம் நிற்பீர்கள், படத்தை முன்பக்கமிருந்து பார்ப்பதுபோல் மாட்டியிருந்தீர்களே, மனதுக்குள் திருப்பிக்கொள்வீர்களா என்று கேட்டேன். இப்படிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார்.

“அதெல்லாம் ஆபரேஷன் பண்றவர் பார்த்துக்குவாரும்மா.”

“நீங்கதானே சார் பண்றீங்க?”

“நான் கூடவே இருப்பேன். இந்த மாதிரி வளைவுக்கு வெளியில இருந்து ஒருத்தரைக் கூப்பிடுவோம்.”

“யாரை சார்?”

“அன்னைக்கு யாருக்கு நேரம் இருக்கோ, அவங்கள.”

பேசி முடிக்கும்வரை சிரித்த முகம் மாறவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் இதைக் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. எலும்பு முறிவுக்கும் முழங்காலுக்கும் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். கண்டக்டர் நன்றாகத்தான் நடக்கிறார்.

வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. அவ்வளவு அன்பாகப் பேசினாரே என்றாள். நான்தான் கோணலாகக் கேட்டிருப்பேன் என்றாள். அதுவும் இருக்கலாம் என்பதால் கேள்வியையும் பதிலையும் நோட்டிலிருந்து படித்துக் காட்டினேன். அப்பா நோட்டை வாங்கி அந்தப் பதிலை மறுபடி படித்தார். அப்புறம், “டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு, டிரைவர் வழியில எங்கயாவது ஏறுவான்னு சொல்ற மாதிரி இருக்கு” என்றார். இரண்டு பேரையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒருவரைப் பார்க்கலாம் என்பது அவர் முடிவு. மூன்றாவது ஆளிடமும் எதையாவது கண்டுபிடிப்பேன் என்று எனக்கே தெரிந்தது.

குச்சி அப்போதுதான் பேசினாள். “கத்தி பிடிக்கிற ஆள் ஒரு தடவையாவது நான் குனிஞ்சு பார்த்திருக்கணும். எனக்கு அது போதும். மிச்சத்தை நீங்க பார்த்துக்கங்க.”

மார்ச் 13, வியாழன்

நேற்று வகுப்பில் முழுக் கேள்வியையும் கேட்டேன். முதுகெலும்பு டாக்டர்கள் அப்படித்தான் மாட்டுவார்கள், அது அவர்கள் வழக்கம், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் ஆசிரியர். பின் பெஞ்சு மறுபடியும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இன்று ஸ்கேல் டாக்டரிடம் போனோம். முன் மேஜையில் இருந்த பெண்ணின் குரலை அடையாளம் கண்டுகொண்டேன். போனில் இரண்டு தடவை கேட்டவள். இருபத்தைந்தாம் தேதி வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அடுத்தது மே ஆறு. ஆறு வாரம் தள்ளிப்போனது என்னால். வளைவு அதற்குள் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

உள்ளே போனதும் மறுபடியும் குனியச் சொன்னார். குச்சி சொல்வதற்கு முன்பே குனிந்துவிட்டாள். படத்தை மாட்டினார். எழுத்து திரும்பித்தான் இருந்தது. ஏன் தேதியை விட்டீர்கள் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். நான் அவரை முந்திக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். நீங்கள் படத்தைத் தப்பாக மாட்டியதாக நினைத்தேன், அதனால் இடது வலது தெரியாதவர் என்று நினைத்தேன் என்றேன். சொல்லி முடிக்கும்போது காது சுட்டது.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

“பொண்ணு குப்புறப் படுத்திருக்கும். நான் பின்னாடி நிப்பேன். நான் பார்க்கிற மாதிரிதான் மாட்டுவேன்” என்றார். அப்புறம், “அப்படி நினைச்சா தேதியை விட்டது சரிதான். ஆனா என்கிட்ட கேட்டிருக்கணும்” என்றார்.

நான் அதையும் கேட்டேன்: ஆறு வாரத்தில் மோசமாகுமா? இரண்டு மூன்று டிகிரி கூடலாம், அதனால் செய்கிற வேலை மாறாது, மூச்சுத் திணறல் அதிகமானால் மட்டும் உடனே வரவேண்டும் என்றார். வேறு யாராவது தேதியை விட்டால் முதலில் எங்களைக் கூப்பிடச் சொல்வதாகவும் சொன்னார். திருகு ஏற்றுவது யார் கை என்று கேட்டேன். “என் கை” என்றார். அப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்காரச் சொல்லாமலே எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

பிறகு குச்சி கேட்டாள். “நேராயிடுவேனா டாக்டர்?”

“முழுசா ஆக மாட்ட. பாதிக்கு மேல நிமிரும். குனியிறது கொஞ்சம் குறையும். இதுக்கு மேல வளையாது.”

அவள் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் நின்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கியது, சுவர் மாதிரி என்று கேட்டு வைத்திருந்தவள் அல்லவா. குச்சி, “சரி, இவர்கிட்டயே பண்ணிக்கிறேன்” என்று எங்களைப் பார்த்துச் சொல்லாமல் அவரைப் பார்த்தே சொன்னாள்.

மே ஆறு என்று எழுதிக்கொண்டோம். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. திரும்ப உள்ளே போன அந்த இரண்டு பேர். எழுந்து வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய்க் கேட்டேன். ஒரு பையனுக்குத் தையலில் சீழ் பிடித்தது, ஒரு பெண்ணுக்குத் திருகு ஒன்று தளர்ந்தது என்றார். அவர்களோடு பேச முடியுமா என்றேன். தானாக விலாசம் கொடுக்க முடியாது, அவர்கள் சம்மதித்தால் சரி என்று முன் மேஜைப் பெண்ணிடம் சொன்னார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். இருபது நிமிஷத்தில், திருகு தளர்ந்த பெண்ணின் அம்மாவிடமிருந்து சம்மதம் வந்தது. நாளைக்கே வரச் சொன்னார்களாம்.

“அவரே அனுப்புற ஆளு அவரைப் பத்தி நல்லாத்தானே சொல்லும்?” என்றார் அப்பா, பஸ்ஸுக்கு நிற்கும்போது.

“ரெண்டு தடவை முதுகைத் திறந்துகிட்ட பொண்ணுப்பா. அது எதுக்கு அவருக்காகப் பொய் சொல்லணும்?”

அப்பா யோசித்தார். “அப்ப அந்தப் பொண்ணைத் தனியா கேளு. அம்மாக்காரி பக்கத்துல இல்லாதப்ப கேளு” என்றார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

நாளை, வெள்ளி: தையல் கூடத்தில் மூன்று மணிக்கு அனுமதி வாங்க வேண்டும், மாலை வகுப்புக்கு விடுப்புச் சொல்ல வேண்டும், நாலரைக்குக் குச்சியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், திருகு தளர்ந்தது தெரிந்த அன்று டாக்டர் தானாகச் சொன்னாரா, இவர்கள் கேட்ட பிறகு சொன்னாரா என்று கேட்க வேண்டும்.